கியர் அக்கா ஆற்றில் இறங்கினாள்

லாரி ஸ்டாண்டில் அவளுக்குப் பெயர் கியர் அக்கா. கோபம் வந்தால் முதல் கியரிலிருந்து நேராக டாப் கியருக்குத் தாவிவிடுவாள், நடுவில் எதுவும் கிடையாது என்று எவனோ ஒரு கிளீனர் வைத்த பெயர். அதைக் கேட்டு அவள் சண்டைக்குப் போன வேகத்தைப் பார்த்த பிறகு, வேறு பெயர் பொருத்தமில்லை என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

அவள் ஆசைப்பட்டு லாரிக்கு வந்தவள் அல்ல. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய சமயம், டயர் மாற்றும்போது ஜாக்கி சரிந்து கணவனின் இடுப்பு பிசகிவிட்டது. வாசலில் லாரி நிற்கிறது, சிமென்ட் ஆலையில் லோடு நிற்கிறது, ஓட்டத்தான் ஆள் இல்லை.

"நான் ஓட்டிப் பாக்கட்டுமா?" என்றாள்.

"நீ சைக்கிளையே நேரா ஓட்டமாட்டே" என்றான் அவன், வலியிலும் சிரித்துக்கொண்டு.

டாப் கியர் விழுந்துவிட்டது. அவனைப் பக்கத்து சீட்டில் தலையணை முட்டுக்கொடுத்து உட்காரவைத்து, ஆலைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் பழகினாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் 'ஐயோ' என்றான், அவள் 'சாரி' என்றாள். அவன் இடுப்பு சரியாகி எழுந்து வந்தபோது ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அதன் பிறகு ஆளுக்கொரு நடை என்று மாறி மாறி ஓட்டினார்கள்.

அந்த ஊருக்குத் தலைவலி என்றால் ஆற்றுப்பாலம்தான். கல்தூண்கள் மேல் நிற்கும் பழைய பாலம். எதிரெதிரே இரண்டு லாரி வந்தால் கண்ணாடியை மடக்கிக்கொண்டுதான் போக வேண்டும். பாலத்துக்கு முன்னால் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். அவள் இன்ஜினை அணைத்துவிட்டு ஜன்னலில் தாடையை வைத்துக் கீழே பார்ப்பாள். ஆறு அகலமாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் உப்பும் மரமும் ஏற்றிய படகுகள் அதில் போனதாகச் சொல்வார்கள். ரயிலும் ரோடும் வந்ததும் படகுகள் நின்றுபோயின. மணல் மேடு தட்டியது, ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது.

"இவ்ளோ பெரிய ரோடு கீழ சும்மா கெடக்குதுங்க. நாம இங்க ஒருத்தன் முதுகுல ஒருத்தன் மூக்க வெச்சுக்கிட்டு நிக்கறோம்."

"அது ரோடு இல்ல, ஆறு" என்பான் கணவன்.

"ரெண்டும் போறதுக்குத்தானே இருக்கு?"

அவள் சொன்னது யார் காதில் விழுந்ததோ, ஒரு கோடையில் தூர்வாரும் இயந்திரங்கள் வந்து இறங்கின. ஆகாயத்தாமரை மலைமலையாகக் கரையேறியது. பழைய துறையில் புது கான்கிரீட் மேடை எழுந்தது. கடல் துறைமுகத்திலிருந்து ஆற்று வழியாகச் சரக்குப்படகு விடப்போகிறார்கள், ஓட்டுவதற்கு ஆட்களைப் பழக்கப்போகிறார்கள், கனரக வண்டி ஓட்டியவர்களும் சேரலாம் என்று செய்தி வந்தது.

லாரி ஸ்டாண்டு கொதித்துப்போனது. "அந்தச் சரக்குப்படகு, பார்ஜ், ஒண்ணு வந்தா நம்ம மொத்த ஸ்டாண்டும் வீட்டுல குப்புறப் படுத்துத் தூங்க வேண்டியதுதான்" என்று ஸ்டாண்டு தலைவர் மேசையில் குத்தினார். ஆமாம் என்று கணவனும் குத்தினான். அந்தக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோதே அவள் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கணவனிடம் சொன்னாள்.

"நம்ம வயித்துல அடிக்க வர்றவங்கிட்டயே போய் வேலைக்குச் சேருவியா?"

"பார்ஜ் என்ன தெருத்தெருவாவா வரப்போகுது? துறையில எறக்கின சரக்கைக் கடைக்குக் கொண்டுபோக லாரி வேணாமா?"

"ஸ்டாண்டுல என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?"

"எப்பவும் வெச்சிருக்கற எடத்துலயே வெச்சுக்கங்க."

அவன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனான். அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு வார்த்தையெல்லாம் மகள் வழியாகத்தான் நடந்தது. "உங்கம்மாகிட்ட லாரிச் சாவி எங்கன்னு கேளு" என்பான், அவள் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு. "ஆணியில தொங்குதுன்னு சொல்லு" என்பாள் அவள். மகள் கல்லூரிப் பெண், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "ரெண்டு பேருக்கும் கேட்டுச்சா? நான் படிக்கலாமா?" என்பாள்.

பயிற்சி கொடுத்தவர் கடலில் பல காலம் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்ற கேப்டன். குரலை உயர்த்தமாட்டார், உதட்டை மட்டும் கொஞ்சம் கோணுவார். அது போதும், ஆள் கூனிக் குறுகிவிடுவான். முதல் முறை சுக்கான் சக்கரத்தைப் பிடித்த அன்று, அவள் படகைத் துறையை நோக்கி அழகாகத்தான் கொண்டுவந்தாள். நிறுத்த வேண்டிய இடம் வந்ததும் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. படகு நிற்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினாள். படகு போய்த் துறையில் 'டமார்' என்று மோதியது. கேப்டன் கையிலிருந்த டீ அவர் சட்டைக்கு மாறியது.

"காலால என்னம்மா தேடறீங்க?"

"பிரேக் சார்."

"அது கரையிலயே நின்னுடுச்சு."

கூடப் பழகியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் அன்றைக்கு யாரோடும் சண்டை போடவில்லை. கோபமெல்லாம் அந்தக் காலின் மேல்தான். மறுநாள் வலது செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றாள்; தரை சுடும்போது கால் அழுத்த மறந்துவிடும் என்று கணக்கு. தண்ணீரில் நிற்பது என்பது வெகு தூரம் முன்னாலேயே தொடங்க வேண்டிய வேலை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. நீரோட்டம் எங்கே இழுக்கிறது, மணல் எங்கே மேடு தட்டியிருக்கிறது, காற்று படகின் எந்தக் கன்னத்தில் அறைகிறது என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகியது. முதல் தேர்வில் கோட்டை விட்டாள். அடுத்ததில் தேறினாள். அந்த ஆற்றில் சரக்குப்படகு ஓட்ட உரிமம் வாங்கியவர்களில் அவள் ஒருத்திதான் பெண். உரிமத்தைக் கையில் கொடுக்கும்போது கேப்டன் உதட்டைக் கோணவில்லை.

உரமும் தானியமுமாகச் சில நடைகள் போய்வந்தாள். ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாலத்தின் மேலிருந்து ஒன்றிரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள், அவ்வளவுதான். அந்த வெயில் காலத்தில் ஊரின் துணைமின்நிலையத்தில் பெரிய மின்மாற்றி எரிந்துபோனது.

அதன் பிறகு ஊர் பட்ட பாடு சொல்லி மாளாது. தெருவுக்குத் தெரு முறைவைத்துக் கரண்டு விட்டார்கள். ஐஸ் ஆலை மூடிக்கிடந்தது. மருத்துவமனை ஜெனரேட்டரை நம்பி மூச்சு விட்டது. புது மின்மாற்றி துறைமுகத்தில் வந்து இறங்கியும்விட்டது. ஆனால் ஒரு வீடு போன்ற அந்த இரும்பு யானையைப் பழைய பாலம் தாங்காது. வேறு ரோடும் கிடையாது. மிச்சம் இருந்தது ஆறுதான்.

அந்த நடை கியர் அக்காவுக்கு வந்தது. கூடவே மின்வாரியத்திலிருந்து ஒரு இளம் இன்ஜினியர். மின்மாற்றியைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டான். தார்ப்பாய் விலகினால் ஓடிப்போய் இழுத்துப் போர்த்துவான். படகு நீரோட்டத்துக்கு எதிராக மெல்ல மேலேறி வந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, மலைப்பக்கம் மழை கொட்டும் வரைக்கும்.

ஊர்ப் பாலம் கண்ணில் பட்டபோது ஆறு செம்மண் நிறத்தில் ஏறியிருந்தது. இன்ஜினியர் மின்மாற்றியின் உச்சி உயரத்துக்கு ஒரு மூங்கில் கழியைப் படகின் முன்முனையில் நட்டுவைத்திருந்தான். கழி தப்பினால் மின்மாற்றியும் தப்பும். அவள் படகை அங்குலம் அங்குலமாக நடு வளைவுக்குக் கொண்டுபோனாள். 'டொக்.' கழி பாலத்தின் அடியில் முட்டியது. அவள் இன்ஜின் வேகத்தைக் குறைத்தாள். ஆறே படகைப் பின்னால் தள்ளிக் கொடுத்தது.

பாலத்தின் மேல் அதற்குள் ஊரே கூடிவிட்டது. போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். லாரி ஸ்டாண்டு மொத்தமும் கைப்பிடிச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு கை அளவுதான் இடிக்குது, அக்கா" என்றான் இன்ஜினியர், நெற்றி வியர்வையைத் துடைத்து. "தண்ணி எறங்கற வரைக்கும் காத்திருக்கலாமா?"

"மழை விடலையே தம்பி. ஆறு இன்னும் ஏறும்."

அவன் யோசித்தான். "அடித்தொட்டியில தண்ணி ரொப்பினா படகு கொஞ்சம் அமுங்குமில்ல?"

அவள் முகம் மலர்ந்தது. "அமுங்கும். ஆறு ஏறினதுல அடியிலயும் ஆழம் கூடியிருக்கு, மணல் தட்டாது. எவ்வளவு ரொப்பணும்னு நீங்க கணக்குப் போடுங்க. உள்ள நுழைக்கறத நான் பாத்துக்கறேன்."

பம்புகள் ஓடின. படகு பெருமூச்சு விட்டபடி அமுங்கியது. அமுங்கியதும் அதன் குணம் மாறியது; சுக்கானைத் திருப்பினால் யோசித்து யோசித்துத்தான் திரும்பியது. அவள் கேபின் படகின் பின்பக்கம். எதிரே மின்மாற்றி மறைத்துக்கொண்டு நின்றது. தூண்கள் பாதிதான் தெரிந்தன. முன்முனையில் கழியை விட்டுக் கண்ணெடுக்க முடியாமல் இன்ஜினியர் வாக்கிடாக்கியோடு நின்றான். இரண்டு பக்கமும், படகைக் கட்டி அவிழ்க்கும் கயிற்றுக்காரர்கள் பழைய டயர்களைத் தொங்கவிட்டுத் தயாராக நின்றார்கள்.

மறுபடியும் நுழைந்தாள். படகின் மூக்கு வளைவுக்குள் போனதும் காற்று பக்கவாட்டில் தள்ளியது. இடதுபக்கத் தூண் எவ்வளவு கிட்டே என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்போது மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏய்! ரைட்டுல எடு! கொஞ்சம்... கொஞ்சம்... போதும்!"

கணவன். கைப்பிடிச் சுவருக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டிருந்தான். பின்னால் ஸ்டாண்டு தலைவர் அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். கணவன் கையில் ஒரு ஸ்பேனர். பாலத்தின் இரும்புக் கம்பியில் அதைத் தட்டிக்கொண்டே, லாரியைச் சந்துக்குள் விடும் கிளீனர் மாதிரி கத்தினான்.

"வரட்டும், வரட்டும், வரட்டும்... நேரா வெச்சுக்க... லெஃப்ட் ஒடி, ஒடி... வரட்டும்!"

கழி பாலத்தின் அடியை உரசாமல் வழுக்கிக்கொண்டு போனது. "தாண்டிடுச்சு! தாண்டிடுச்சு!" என்று வாக்கிடாக்கியில் இன்ஜினியர் அலறினான். மின்மாற்றியின் தார்ப்பாய் வளைவின் நிழலுக்குள் புகுந்தது. அவள் இன்ஜின் வேகத்தை நீரோட்டத்துக்குச் சரிக்குச் சரியாக வைத்து, ஒரு இழை கூட்டினாள். மின்மாற்றி வெளிச்சத்துக்கு வந்தது, பிறகு அவள் கேபின், பிறகு படகின் வால். ஸ்பேனர் தட்டுவது நின்றது.

அண்ணாந்து பார்த்தாள். கணவன் இப்போது பாலத்தின் மறுபக்கச் சுவருக்கு ஓடி வந்திருந்தான். மூச்சு வாங்கியது.

"சைக்கிள விட நல்லாத்தான் ஓட்டறே!" என்று கத்தினான்.

பாலம் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள், சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை, துறை வந்துகொண்டிருந்தது. படகைத் துளி அதிர்வில்லாமல், டயர்கள் மெத்தென்று அமுங்கக் கொண்டுபோய் ஒட்டினாள். இன்ஜினியர் குதித்து இறங்கி, மின்மாற்றியை ஒரு தட்டு தட்டிவிட்டு, அவளுக்கு ஒரு சல்யூட் அடித்தான்.

துறையிலிருந்து துணைமின்நிலையம் வரைக்கும் வழியைச் சரிசெய்தது லாரி ஸ்டாண்டுதான். தலைவரே முன்னால் நடந்து, கடைப் பந்தல்களைப் பிரிக்கச் சொல்லி, தாழ்ந்த கம்பிகளைத் தூக்கிப் பிடித்து, பல சக்கர வண்டியை ஊர்வலம்போல அழைத்துப்போனார். அந்த வாரமே கரண்டு வந்தது. ஐஸ் ஆலைச் சங்கு ஊதியபோது தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள்.

அதன் பிறகு துறையில் படகுகள் அடுத்தடுத்து வந்தன. இறக்கின சரக்கைச் சுற்றுவட்டாரத்துக்கு அடிக்க ஸ்டாண்டு லாரிகளுக்கு வேலை குறையவில்லை, தூரம்தான் குறைந்தது. ஓட்டுநர்கள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்கள். மகளுக்குத் தூது போகும் வேலை போனது. அதற்குப் பதில் இரண்டு பேரும் சேர்ந்து ஆற்றுக் கதை பேசி அவளைப் படிக்கவிடவில்லை.

ஒருநாள் துறைப்பக்க டீக்கடையில், வெளியூரிலிருந்து லோடு எடுக்க வந்த டிரைவர் ஒருத்தர் பேச்சுவாக்கில் கணவனைக் கேட்டார்: "உங்க வீட்டுல என்ன பண்றாங்க?"

அவன் டம்ளரை வைத்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஆறு ஓட்டறா" என்றான்.

இதை ஸ்டாண்டு தலைவர் வந்து சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். "ஆத்த யாராவது ஓட்டுவாங்களா? அது பாட்டுக்கு ஓடுது" என்று அலுத்துக்கொண்டாள். ஆனால் துறைக்குப் போகும் வழியெல்லாம் அந்த இரண்டு வார்த்தையைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். அங்கே உர மூட்டைகள் ஏற்றி முடித்திருந்தார்கள். கயிற்றுக்காரர் கயிற்றை அவிழ்க்க அவள் தலையசைப்புக்காகக் காத்திருந்தார்.