ஜெனரல் கேட்ட கேள்வி

ஃபான் ட்ரோசெனாவ் ஜெர்மன் படையோடு போலந்துக்குள் நுழைந்தபோது கர்னல். பிரான்ஸ் விழுந்ததும் ஜெனரல். ரஷ்யாவில் அவர் கழுத்தில் சிலுவைப் பதக்கமும் ஏறியது. மூன்று தேசத்துச் சேற்றையும் அவருடைய பூட்ஸிலிருந்து சுரண்டியவன் ஏவலாள் ஆல்வின் பெட்ஸோல்ட், துரிங்கியாக்காரன். அவர் ஏற ஏற, இவன் இருந்த இடத்திலேயே இருந்தான். "ஜெனரலோட பொண்டாட்டி வர்றாடா!" என்று சிப்பாய்கள் கிண்டலடிப்பார்கள்.

தினமும் காலையில் பூட்ஸ் மாட்டும்போது, "எல்லாம் ஒழுங்கா?" என்பார் ஜெனரல். ஆல்வின் குதிகால்களைச் சேர்த்து அடித்து, "ஒழுங்குங்க, ஹெர் ஜெனரல்!" என்பான். குண்டு விழுந்து கூரை பறந்த அன்றும் அதே பதில்தான். கேட்காமல் வாய் திறக்கும் வழக்கம் ஏவலாளுக்குக் கிடையாது.

போரின் கடைசிக் குளிர்காலத்தில் படை கிழக்குப் பிரஷியாவில் பின்வாங்கிக்கொண்டிருந்தது. அதே படையிலிருந்த ஆல்வினின் தம்பி புரூனோ, துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடிப் பிடிபட்டான். ராணுவக் கோர்ட்டில் மரண தண்டனை. ஜெனரலின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

சமையல்காரன் லுட்கர் காப்பித் தட்டை நீட்டினான். "டேய், அவர் கையெழுத்துப் போடலைன்னா சுட மாட்டாங்க. கால்ல விழு. உன்னை விட்டா அவனுக்கு இங்க யாருடா இருக்கா?"

"அவர் கேக்காம எப்படிடா பேசறது?"

"நாசமாப் போச்சு உன் மரியாதை!"

ஆல்வின் காப்பியோடு உள்ளே போனபோது ஜெனரல் தண்டனைத் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். பெட்ஸோல்ட் என்ற குடும்பப் பெயரைப் பார்த்ததும் பேனா நின்றது. தலை நிமிர்ந்து ஆல்வினைப் பார்த்தார்.

"பெட்ஸோல்ட், உன் பக்கம் எல்லாம் ஒழுங்கா?"

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஆல்வினுக்கு இருந்த வாய் அவனுடையதாகவா இருந்தது? குதிகால்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டன.

"ஒழுங்குங்க, ஹெர் ஜெனரல்!"

ஜெனரல் கையெழுத்துப் போட்டார். எத்தனையோ பையன்களைக் கண்ணிமைக்காமல் சாவுக்கு அனுப்பிய மனிதர், அன்று மட்டும் மனம் இளகியிருப்பாரா? யாருக்குத் தெரியும். ஆல்வின், "ஐயா, அவன் என் தம்பிங்க!" என்று கத்தியபோது தாள் அதை வாங்கிப்போக வந்திருந்த அதிகாரியின் கையில் இருந்தது.

"இப்ப வந்து சொல்றியே. போட்ட கையெழுத்தை நான் அழிக்கிறதில்லை," என்றார் ஜெனரல். செங்கல் சூளைப் பக்கம் புரூனோவைச் சுட்டார்கள்.

போர் முடிந்து ஆல்வின் ஊர் திரும்பினான். அம்மா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"பாவி, பக்கத்துலயே இருந்தியே! அந்த ஆளை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

கேட்டது அந்த ஆள்தான் என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை.