களை வெட்ட ஆள் வேணும்

நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. எட்டயபுரம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கரிசலில் உளுந்தும் களையும் போட்டி போட்டு முளைத்தன. களைதான் ஜெயிக்கும்போல இருந்தது.

மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், ஒரு நாள் விடிந்ததும் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். தெருப் பெண்களைச் சேர்த்து அவர் புஞ்சையில் களை வெட்ட அழைத்துப்போவது அம்மாதான். ஆனால் சில மாதங்களாக அம்மா உட்பட எல்லோரும் கோவில்பட்டி தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு, ஊர்ப் பேச்சில் ஆபீஸுக்கு, வேனில் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

“நாளைக்கு எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு புஞ்சைக்கு வந்துரு தங்கச்சி.”

“போன வருசக் கூலின்னா யாரும் வரமாட்டாவ அண்ணே. அங்கன நெழல்ல உக்காந்து பெட்டியில குச்சி அடைக்குத வேல.”

“அண்ணங்கிட்டயே கூலி பேசுதியா?”

“எனக்கு நீங்க அண்ணன். கூட வாரவுகளுக்கு?”

மாமா காப்பியைத் தொடாமலே எழுந்து போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. தீபாவளிக்குப் பாவாடை எடுத்துத் தருபவர் அவர்தான்.

அக்கம்பக்கத்து ஊர்களில் ஆள் தேடி அலைந்தார் மாமா. எல்லாப் புஞ்சையிலும் ஒரே சமயத்தில் களை, எங்கே கிடைப்பார்கள்? ஒரு நாள் காலை லோடு ஆட்டோவோடு திரும்பி வந்தார்.

“ஆபீஸ்ல குடுக்கதுக்கு மேலயே தாரேன். ஏறச் சொல்லு,” என்றார், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

பெண்கள் சிரித்தபடி ஏறினார்கள். சாயங்காலம் அவர்கள் வேலை முடித்துக் கரையேறிய பிறகும் அம்மா மட்டும் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தாள். அது கூலியில் சேராது, அண்ணனுக்காக என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பாவாடை வந்துவிட்டதால் நானும் கேட்கவில்லை.

சித்திரையில் புஞ்சை வெடித்துக் கிடந்தது. ஆபீஸிலும் சரக்கு தேங்கிவிட்டதாம், வேன் நின்றுபோனது. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். ஆபீஸ் கேட்டுக்கு முன்னால் பல ஊர்ப் பெண்கள் வெயிலில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை வெளியே வந்தார். களை வெட்டுகிற நாட்களில் எங்கள் தெருவுக்கே வந்து, “ஆள் இல்லாம கெடக்கு, வாங்கக்கா” என்று கெஞ்சியவர் அவர். இப்போது, கொஞ்சம் பேருக்குத்தான் வேலை, கூலியும் குறைவு, இஷ்டம் இருந்தால் வரலாம் என்றார்.

“சரி அண்ணாச்சி. எந்த வேலைன்னாலும் பாக்குதேன்,” என்றாள் அம்மா. ஒட்டி நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

மாமாவிடம் அவ்வளவு சத்தமாகக் கூலி பேசியவளுக்கு இன்றைக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சுக்குத் தட்டிப்போட்டு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தம்ளரை வாங்கி முழுவதையும் குடித்தாள்.