லீவு விட்டாச்சு, வேனை எடுங்க!

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்குக் கோடை விடுமுறையில் வேலை இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்போதுதான் அவனுக்கு இடுப்பு ஒடியும்.

தேனியில் என் வேன் மற்ற நாட்களில் காலையும் மாலையும் பிள்ளைகளை ஏற்றி இறக்கும். பரீட்சை முடிந்த மறுநாளே அந்தப் பிள்ளைகளின் அப்பா, அம்மாவிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, வீட்டுல வச்சுச் சமாளிக்க முடியல. எங்கனயாச்சும் கூட்டிட்டுப் போங்க." பின்னணியிலேயே எல்லாம் கேட்கும். டிவி ரிமோட்டுக்குச் சண்டை ஒரு பக்கம், செல்போனைப் பிடுங்கியதற்கு ஒப்பாரி ஒரு பக்கம். உங்கள் வீட்டிலும் இதே கச்சேரிதான் நடக்கும். என் வீட்டிலும் இரண்டு இருக்கிறது. நமக்குள் மறைக்க என்ன இருக்கிறது?

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். வருஷம் முழுக்க இந்தப் பெற்றோர்களை நான் பார்ப்பது வீட்டு வாசலில், அவசரத்தில், ஒரு கையில் டிபன் பாக்ஸோடு. அருவிக்கும் தோட்டத்துக்கும் கூட்டிப் போகும்போதுதான் அவர்கள் எப்பேர்ப்பட்டவர்கள் என்று தெரிகிறது. சிலரை நினைத்தால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் கும்பிடலாம் போலிருக்கும். வண்டி ஓடிக்கொண்டிருப்பதால் கும்பிடுவதில்லை.

ரயிலோடு பந்தயம்

பண்ணைப்புரத்தில் முருகேசன் என்று ஒரு விவசாயி. தென்னையும் வாழையும் வைத்திருக்கிறார். இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு நாள் குடும்பத்தோடு வேனில் ஏறி உட்கார்ந்ததும், "தேனி ஸ்டேஷனுக்கு விடுங்கண்ணே" என்றார். மதுரைக்கா என்று கேட்டேன். இல்லையாம். தேனியில் ரயிலேறிப் போடியில் இறங்கப் போகிறார்களாம். நான் காலி வேனை ஓட்டிக்கொண்டு போடிக்கு வந்து, அவர்களை ஏற்றிக்கொள்ள வேண்டுமாம். "பிள்ளைக ரயில்ல ஏறுனதே இல்லண்ணே" என்றார். அவர் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வேனையும் பிடிச்சு, ரயிலுக்கும் டிக்கெட் எடுக்குற ஆளு ஒலகத்துலயே இவுக ஒருத்தருதான்."

சின்னவள் பெயர் ஓவியா. ஸ்டேஷனில் இறங்கும்போது, "மாமா, ரயில் முந்துமா, வேன் முந்துமா?" என்று கேட்டாள். வேன்தான் என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவள் என் டயரை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு விட முடியுமா? நகரத்து நெரிசலில் சந்து பொந்தெல்லாம் நுழைந்து வெளியே வந்தேன். கொஞ்ச தூரம் போனால் ரயில்வே கேட் மூடிக் கிடக்கிறது. எனக்கு முன்னால் நாலைந்து பைக், ஒரு புல்லுக்கட்டு வண்டி. எல்லாரும் நின்றோம். எந்த ரயிலை முந்தக் கிளம்பினேனோ, அதே ரயில் என் மூக்குக்கு முன்னால் தடதடவென்று போனது. ஜன்னலில் ஓவியா. இரண்டு கையையும் ஆட்டி என்னவோ கத்தினாள்.

போடி ஸ்டேஷனில் நான்கு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளைவிட முருகேசன் முகத்தில்தான் வெளிச்சம் அதிகம். என்னைத் தனியே இழுத்து, "எனக்கும் இதுதாண்ணே மொதத் தடவ. வீட்டுல சொல்லிராதீக" என்று காதில் சொன்னார். ஓவியா என் பக்கத்தில் வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னாள்: "தோத்ததுக்கெல்லாம் அழுகக் கூடாது மாமா. அடுத்த தடவ உங்களையும் ரயில்ல ஏத்திக்கிறோம்."

பந்தலுக்குக் கீழே

தேனியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தங்கராசுவின் மகள் கண்மணி. ஒன்பதாம் வகுப்பு. சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கால் வராது; வீல்சேர்தான். அவள் தம்பி என் வேனில் பள்ளிக்கூடம் போகிறவன். லீவில் அந்தக் குடும்பத்தை எங்கே கூட்டிப் போனாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். வண்டி நின்றதும், யாரும் வாயைத் திறப்பதற்குள் கண்மணியே சொல்லிவிடுவாள்: "நான் வேன்லயே இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க." அவள் அம்மாவும் இறங்க மாட்டார். பிறகு அப்பாவும் பையனும் பேருக்குப் போய்விட்டு ஓடி வந்துவிடுவார்கள். எதையும் யாரும் முழுசாகப் பார்த்தது கிடையாது.

அன்றைக்கு ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். தோட்டக்காரர் சூசை அண்ணன். முந்தின நாள்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார். மண் சொதசொதவென்று கிடந்தது. கண்மணி வழக்கம்போல ஆரம்பித்தாள். சூசை அண்ணன் அவளைப் பார்த்தார், வீல்சேரைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். தங்கராசுவின் முகம் சுருங்கிப்போனது. "விடுங்கண்ணே, சேறா இருக்குல்ல. அவரு என்ன செய்வாரு" என்றார். அப்போது தோட்டத்துக்குள்ளிருந்து சூசை அண்ணன் திரும்பி வந்தார். பின்னாலேயே வேலை செய்கிற ஆட்கள், தோளில் நீள நீளமான பலகைகளோடு. லாரியில் பெட்டி ஏற்றுவதற்குப் போடுகிற பலகைகள். அவற்றை மண்ணில் வரிசையாகப் போட்டார்கள். நாற்காலி ஒரு பலகையைத் தாண்டியதும் அதை எடுத்து முன்னால் போட்டார்கள். சாலை போட்டுக்கொண்டே சாமி ஊர்வலம் போவது மாதிரி கண்மணி உள்ளே போனாள்.

திராட்சைப் பந்தல் தாழ்வு. தங்கராசு நல்ல உயரம். தலை இடிக்காமல் இருக்க முதுகை வளைத்து நடந்தார். நானும் குனிந்துதான் போனேன். சூசை அண்ணன்கூடக் குனிந்துதான் வந்தார். எங்களுக்கு முதுகில் இடித்த குலைகள் கண்மணிக்கு முகத்துக்கு நேராகத் தொங்கின. சூசை அண்ணன் கத்தரியைக் கையில் கொடுத்தார். அவள் ஒரு குலையை நறுக்கி மடியில் வைத்தாள். சுற்றிலும் எங்களைப் பார்த்தாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் அம்மா சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்மணி சொன்னாள்: "அப்பா, இங்கன எல்லாரும் குனிஞ்சுல்ல வர்றீக. நான் ஒருத்திதான் நிமிந்து போறேன்!"

குரங்கு செய்த உபகாரம்

சுருளி அருவிக்குப் போனால் சோற்றுப் பையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இதை நான் ஒவ்வொரு சவாரியிலும் சொல்வேன். யாரும் கேட்க மாட்டார்கள். அன்றைக்கு வந்த குடும்பமும் கேட்கவில்லை. குளித்துவிட்டு வந்து பார்த்தால் எலுமிச்சைச் சாதத் தூக்குவாளி மரத்தின் மேலே இருக்கிறது. ஒரு பெரிய குரங்கு வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்து தன் கூட்டத்துக்குப் பரிமாறிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்குப் பசி. அம்மாவுக்கு அழுகையும் கோபமும். அந்த நேரத்துக்குப் பக்கத்தில் கடையும் இல்லை.

கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்த குமுளிக் குடும்பம் ஒன்று இதைப் பார்த்தது. அந்த வீட்டு அம்மா ஒரு வாழை இலையை விரித்து, சோறும் மீன் குழம்பும் வைத்து, "வா மோளே, கழிக்கு" என்று சோற்றைப் பறிகொடுத்த வீட்டுச் சின்னப் பெண்ணை மலையாளத்தில் சாப்பிடக் கூப்பிட்டார். அதைப் பார்த்ததும் இந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு குடும்பம் பிரியாணி கொண்டுவந்தது. இன்னொருவர் சப்பாத்தி. கம்பத்திலிருந்து வந்த கல்லூரிப் பெண்கள் அதிரசம். யாருக்கும் யாரையும் தெரியாது. கடைசியில் எல்லாக் குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது, என்னையும் சேர்த்து. கை கழுவும்போது அந்தச் சின்னப் பெண் அம்மாவிடம் கேட்டாள்: "எம்மா, நாளைக்கும் நம்ம சோத்தைக் குரங்கு தூக்கிட்டுப் போகுமா?"

ஜோடி

அல்லிநகரத்தில் ஒரே தெருவைச் சேர்ந்த பிள்ளைகளை வருஷா வருஷம் கும்பக்கரைக்குக் கூட்டிப் போவது தனலட்சுமி அக்கா. தாலுகா ஆபீஸில் வேலை. அந்தத் தெருவில் வேலைக்குப் போகிற அம்மாக்கள் அதிகம்; லீவு கிடைக்கிற ஒரு நாளில் மொத்தப் பிள்ளைகளையும் அக்கா தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வார். வேனில் ஏறும்போதே ஜோடி பிரித்துவிடுவார். பர்வீனுக்கு நிலா, அவளுக்கு இவள், இவனுக்கு அவன். விசில் அடித்தால், கூப்பிட்டால், எது நடந்தாலும் முதலில் ஜோடியின் கையைப் பிடிக்க வேண்டும். வண்டி நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒத்திகை. டீ குடிக்க நிறுத்தினாலும் ஒத்திகை. பிள்ளைகள் முனகுவார்கள். எனக்கும் இது கொஞ்சம் ஓவராகத்தான் பட்டது.

அன்று வெயில் நன்றாக அடித்தது. அருவியில் நல்ல கூட்டம். மலையில் மழை பெய்தது கீழே இருந்த யாருக்கும் தெரியாது. வனக்காவலர்கள் திடீரென்று விசில் ஊதி, "மேல ஏறுங்க, மேல ஏறுங்க!" என்று கத்தினார்கள். தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் தள்ளிக்கொண்டும் வழுக்கிக்கொண்டும் ஏறினார்கள். யார் பிள்ளை எங்கே என்று ஒரே கூச்சல். அக்கா ஒரு பாறைமேல் நின்று "ஜோடீ!" என்று ஒரு குரல் கொடுத்தார். அவ்வளவுதான். அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து பிள்ளைகள் இரண்டிரண்டாகக் கை கோத்துக்கொண்டு வந்தார்கள். நான் மேலே நின்று ஒவ்வொருவராகத் தூக்கிவிட்டேன். கடைசியாகப் பர்வீனும் நிலாவும் வந்தார்கள். அவர்களுக்கு நடுவில் இன்னொரு குழந்தை. மூன்று வயது இருக்கும். எங்கள் வேனில் வந்த குழந்தை இல்லை. ஈரச் சட்டையோடு, அழக்கூடத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தது.

நாங்கள் மேலே ஏறி நின்ற கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்த பாறையே கண்ணுக்குத் தெரியவில்லை. அதன்மேல் வெள்ளம் ஓடியது. ஒரு பெண் தலைவிரி கோலமாக அலறிக்கொண்டு வந்து அந்தக் குழந்தையை வாரி எடுத்தாள். அவள் புருஷன் எங்கள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டான். அக்கா பர்வீனையும் நிலாவையும் பக்கத்தில் இழுத்தார். "யாரு பிள்ளைன்னு தெரியாம எப்படிடீ கூட்டிட்டு வந்தீக?" என்று கேட்டார். பர்வீன் இதில் என்ன சந்தேகம் என்பது போலப் பதில் சொன்னாள்: "பாப்பாவுக்கு ஜோடியே இல்லத்தே. அதான் நாங்க ரெண்டு பேரும் பிடிச்சுக்கிட்டோம்."

வைகை அணையில் தெரிந்த முகங்கள்

இனி என் வீட்டுக் கதை. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் லீவில் சுற்றிக் காட்டுகிறவனின் பிள்ளைகள் எங்கே போகும்? எங்கேயும் போகாது. அதுதான் இந்தத் தொழிலின் லட்சணம். என் மனைவி சுமதி வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துத் தைக்கிறாள். பிள்ளைகள் தினமும் புகார் சொல்வார்கள். அவள் மிஷினை மிதித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவதானப்பட்டிக் குடும்பம் ஒன்றை வைகை அணைப் பூங்காவுக்குக் கூட்டிப் போயிருந்தேன். அவர்கள் உள்ளே போனார்கள். நான் வண்டியை நிழலில் போட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு நடந்து போனால், சறுக்கு மரத்தில் என் மகன் மாதிரி ஒருவன் சறுக்கி வருகிறான். என் மகனேதான். பின்னாலேயே என் மகள். புல்தரையில் சுமதி, புதுச் சேலை, பக்கத்தில் தயிர்சாத டப்பா. பஸ் மாறிப் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். தைத்துக் கொடுக்க வேண்டிய துணியெல்லாம் முந்தின நாளே முடித்துவிட்டாளாம்.

என்னைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். என் மகன் எனக்கு இந்த இடத்தைச் சுற்றிக்காட்ட ஆரம்பித்துவிட்டான், நான் இதுவரை வைகை அணைக்கு வந்ததே இல்லை என்பது மாதிரி. விஷயம் தெரிந்ததும் தேவதானப்பட்டிக்காரர் நல்ல மனதோடு, "வேன்ல எடம் இருக்கு, திரும்பிப் போறப்ப எல்லாரும் சேந்தே போயிருவோம்" என்று கூப்பிட்டார். நானும் ஆவலோடு அவள் முகத்தைப் பார்த்தேன். சுமதி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொன்னாள். "இன்னும் பாலத்துல நடக்கணும், ஐஸ் சாப்பிடணும், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கோபம் துளியும் இல்லை, சந்தோஷமாகத்தான் சொன்னாள்: "நீங்க உங்க சவாரியப் பாருங்க. நாங்க எங்க லீவைப் பாக்குறோம்."

பள்ளிக்கூடம் திறக்கிற அன்று காலையில் 'அப்பாடா' என்று பெருமூச்சு விட்டுப் பிள்ளைகளை என் வேனில் ஏற்றிவிடுகிற இதே பெற்றோர்தான், கதவைச் சாத்துவதற்குள் குரலைத் தாழ்த்திக் காலாண்டு லீவுக்கு வேன் கிடைக்குமா என்று கேட்கிறார்கள்.