சிவப்பரிசியும் மூன்று கிழமையும்

லண்டனில், மிச்சம் என்ற பகுதியில் பஸ் ஏறி உட்கார்ந்தபோது என் மடியில் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா இருந்தது. அதற்குள் அன்று காலை நான் கழித்த மலம் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் அதை ஆய்வுகூடத்தில் சேர்த்தாக வேண்டும். பஸ்ஸோ ஊர்ந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்குக் கோயிலில் பழக்கமான ஓர் அன்ரி பக்கத்தில் வந்து குந்தினார்.

"என்ன பிள்ளை, மத்தியானச் சாப்பாடோ?"

"ஓம் அன்ரி."

"என்ன கறி?"

"கத்தரிக்காய்" என்றேன். வேறென்ன சொல்ல?

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படித்துவிட்டு வந்து, நாலு வருடம் சூப்பர்மார்க்கெட் கல்லாவில் இருந்து முதுகு நொந்தபின் கிடைத்த வேலை. ஒரு கல்லூரி ஆய்வுகூடத்தில் உதவியாளர். அந்த வருட முடிவுவரைதான் ஒப்பந்தம். அதற்குப் பிறகும் நான் இருப்பேனா என்பது, டாக்டர் எழுதிக்கொண்டிருந்த ஒரு நிதி விண்ணப்பத்தைப் பொறுத்தது. டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை, ஆராய்ச்சிக்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்த ஸ்கொட்லாந்துப் பெண். எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு நாக்கு வளையவில்லை. டாக்டர் என்றே கூப்பிட்டேன்.

பிளாக்கரன்ட் பழத்தின் கருஊதா நிறம் வயிற்றுக்குள் போய் என்ன செய்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அந்த நிறமியில் பெரும்பகுதியை நம் உடம்பு உறிஞ்சிக்கொள்வதில்லை. அது பெருங்குடல்வரை போய்விடுகிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைப் பிய்த்துத் தின்கின்றன, மிச்சத்தையும் உடைக்கின்றன. அப்படித் தின்று நல்ல பாக்டீரியாக்கள் பெருகுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இவற்றுக்குக் காற்றுப் பட்டால் ஆகாது. காற்று நீக்கிய ஒரு பெட்டிக்குள் கையுறை வழியே கையை விட்டுத்தான் எல்லா வேலையும். மலத்தைக் கரைத்த குடுவையில் நிறமியை விட்டால், ஊதா மெல்ல மெல்லச் செத்து, தேயிலைச் சாயம்போல ஆகும். எவ்வளவு நேரத்தில் ஆகிறது என்று குறிப்பதுதான் என் வேலை.

மலம் கொடுக்க ஆறு பேர், அதில் நானும் ஒருத்தி. கொடுப்பதற்கு முன் இரண்டு கிழமை, பதினாலு நாள், நிறமுள்ள பழம், மரக்கறி எதுவும் தொடக்கூடாது. நிறமிக்குப் பழகிய பாக்டீரியா வேகமாக வேலை செய்யும், கணக்குக் கெட்டுவிடும். எனக்கான பட்டியலை நானே எழுதினேன். திராட்சை இல்லை, மாதுளை இல்லை, பீட்ரூட் இல்லை. சின்ன வெங்காயத்துக்குப் பதில் வெள்ளை வெங்காயம் போட்டுச் சமைத்தேன். கத்தரிக்காயைத் தோல் சீவினேன். "சோதினை உமக்குத்தானே, எனக்கேன் இந்தச் சீவின கத்தரிக்காய்?" என்று இவர், என் கணவர், முகத்தைச் சுளித்தார். என் கவனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

மற்ற ஐந்து பேருடைய குடுவையிலும் ஊதா போக இரண்டு நாள் எடுத்தது. என்னுடையது மறுநாள் காலையிலேயே பழுப்பாக நின்றது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உன் குடலுக்குள் யாரம்மா குடியிருக்கிறார்கள்?" என்று சிரித்தார். நாட்டுக்கு நாடு குடல் பாக்டீரியா வேறுபடலாம், அதற்கு இது முதல் தடயம் என்று விண்ணப்பத்தில் ஒரு பந்தி சேர்த்தார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. வேலை நிச்சயம் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது.

அடுத்த ஞாயிறு மத்தியானச் சோற்றுக்கு அரிசி கழுவினேன். முதல் தண்ணீர் செக்கச்செவேலென்று தொட்டிக்குள் ஓடியது. கை அப்படியே நின்றுவிட்டது.

சிவப்பரிசி. ஞாயிறுதோறும் சிவப்பரிசிச் சோறு, கிழமையில் மூன்று நாள் சிவப்பரிசி மாப் பிட்டு. அந்த இரண்டு கிழமையும் வயிறாரத் தின்றிருக்கிறேன். தவிட்டில் இருக்கும் சிவப்பு, பழத்து ஊதாவுக்குச் சொந்தக்கார நிறமிதான், படித்திருக்கிறேன். ஆனால் பட்டியல் எழுதும்போது பழமும் மரக்கறியும்தான் கண்ணில் பட்டன. சோற்றுக்கு நிறம் உண்டென்று எங்கள் ஆட்கள் யார் நினைப்பார்கள்? டாக்டருக்கோ அரிசியென்றால் வெள்ளை. கேட்க அவருக்குத் தோன்றியிருக்காது.

விண்ணப்பம் அனுப்ப இன்னும் மூன்று கிழமை இருந்தது.

பெற்றோல் ஷெட் வேலை முடிந்து வந்த இவரிடம் சொன்னேன்.

"நீர் ஏன் இப்ப போய்ச் சொல்லப் போறீர்? அரிசியில நிறம் இருக்கெண்டு அவைக்குத் தெரியப் போகுதோ?"

"தெரியாது."

"பிறகென்ன? வேலை உறுதியாகட்டும். பிறகு ஆறுதலாச் சொல்லலாம்."

அந்த யோசனை எனக்கும் பிடித்திருந்தது. பழியை இவர்மேல் போட மாட்டேன்.

திங்கட்கிழமை சொல்லத்தான் போனேன். டாக்டர் ஃபோனில் இருந்தார். நல்லதாய்ப் போயிற்று என்று திரும்பினேன். செவ்வாய் சொல்ல நினைத்தேன், புதன் நினைத்தேன். கையுறைப் பெட்டியைத் துடைத்ததையே திரும்பத் துடைத்தேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய தரிப்பிடத்தை விட்டு அடுத்ததில் இறங்கினேன். இவர் தேத்தண்ணி கேட்டால் எரிந்து விழுந்தேன். டாக்டர் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. ஏன் இந்த மனுசி இவ்வளவு நம்புகிறாள்? ஒருமுறையாவது குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாதா? மூன்று கிழமையும் இப்படியே போனது.

கடைசி வெள்ளி. உறை ஒட்டி, முத்திரையும் குத்தி மேசையில் கிடந்தது. அதைக் கண்டதும் வாயில் வந்தபடி கொட்டிவிட்டேன். அரிசி, பிட்டு, தவிடு, தண்ணீரின் நிறம். என் ஆங்கிலம் பாதியில் தடுக்கி விழுந்தது.

டாக்டர் பேனையால் உறையைக் கிழித்தார். அந்தப் பக்கத்தை எடுத்துப் பந்தியை நீளக் கோடிட்டு வெட்டினார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எப்போது தெரிந்தது?"

"மூன்று கிழமைக்கு முந்திய ஞாயிறு."

சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"இரண்டு கிழமை போதுமே. அரிசியை விட்டுவிட்டு இன்னொரு தரம் செய்திருக்கலாம். அதே ஆள், அதே வயிறு, சிவப்பரிசியோடும் அது இல்லாமலும். இதைவிட நல்ல சான்று எனக்கு எங்கே கிடைக்கும்?"

எனக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. பட்டதாரி நான். பரீட்சையில் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் எழுதியிருப்பேன். குற்றத்தை எப்படி மறைப்பது என்றே தவித்ததில், கையில் இருப்பது ஒரு நல்ல சோதனை என்பது கண்ணுக்குத் தெரியவில்லை.

விண்ணப்பம் அந்தப் பந்தி இல்லாமல் போனது. இல்லை என்று பதில் வந்தது. நான் எதிர்பார்த்ததுதான்.

டிசம்பர் கடைசி நாள்களில் என் மேசையைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். டாக்டரும் புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். அறை மாற்றுகிறார் போலும் என்று நினைத்து, எந்த மாடிக்கு என்று கேட்டேன்.

"எந்த மாடிக்கும் இல்லை" என்றார். "என் சம்பளமும் அந்த விண்ணப்பத்தில்தான் இருந்தது. உனக்குத் தெரியும் என்று நினைத்தேன்."

எனக்குத் தெரியாது. அந்த மூன்று கிழமையும் என்னுடைய ஒரு வேலையைத்தான் நான் நினைத்திருந்தேன். ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் படியிறங்கினேன்.