சாத்தூருக்கு வந்த கணவாய் முட்டைகள்

என் வயிற்றில் இனி எதுவும் தங்காது என்று தூத்துக்குடி டாக்டரம்மா கையை விரித்த அன்று சாயங்காலம், அக்கா என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். அறுபதுகளின் தொடக்கம் அது. அக்கா அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். எத்தனையோ பேருக்கு ஆறுதல் சொன்னவளுக்கு என்னிடம் வாய் வரவில்லை. நல்லவேளை, சொல்லியிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன்.

வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவர், அதில் சிக்கிய சுள்ளியைத் தூர வீசப் போனார். கணவாய் மீனின் முட்டைகள் அதில் கொத்தாக ஒட்டியிருந்தன. உரித்த சின்ன வெங்காயம் போல வெள்ளையாக இருந்தன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்குள்ளும் பெரிய கண்ணோடு ஒரு குஞ்சு அசைந்தது. கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சாத்தூர் பள்ளிக்கூடத்தில் நான் சயின்ஸ் டீச்சர். முட்டைகளைச் சுள்ளியிலோ பாசியிலோ ஒட்டிவைத்துவிட்டுத் தாய்க் கணவாய் சீக்கிரமே செத்துப்போகும், குஞ்சுகள் தாய் முகம் பார்க்காமலே பொரித்து வரும் என்று பாடம் நடத்தியிருக்கிறேன். அங்கே தாய் சாகிறது, பிள்ளை பிழைக்கிறது. எனக்கோ மூன்று தடவையும் பிள்ளை போனது, நான் பிழைத்தேன். இதில் கர்த்தருக்கு என்ன லாபம் என்று கோபம்தான் வந்தது.

மிட்டாய்க்கடைக் கண்ணாடி ஜாடியில் கடல் தண்ணீரை நிரப்பி, சுள்ளியை அதில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்தேன். டாக்டரம்மா சொன்னதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. தீப்பெட்டிக் கம்பெனியில் குமாஸ்தா அவர். பிள்ளைப் பேச்சை எடுத்தாலே முகம் மலர்கிற மனுஷர்.

"என்ன டீச்சர், கடலையே கொண்டாந்துட்டியா?" என்று கேலி செய்தார். ஆனால் அதன்பிறகு கம்பெனி விட்டு வந்ததும் நேரே ஜாடியிடம்தான் போவார். ஒன்றாவது பொரிக்கட்டும், அதைப் பார்த்த தைரியத்தில் சொல்லிவிடலாம் என்று நான் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

சித்திரை வெயிலில் தண்ணீர் நாறத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடப் போகாமல், ஊறுகாய் ஜாடிகளைக் கழுவி எடுத்துக்கொண்டு கடல் தண்ணீருக்காகத் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினேன்.

திரும்பி வந்தபோது அவர் கண்ணாடி ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அடியில் குஞ்சுகள் வெளுத்துக் கிடந்தன.

"நீ போன பொறகு பொரிச்சுது டீச்சர். நகத்தளவு இருந்துக்கிட்டு அம்புட்டு ஓட்டம் ஓடுச்சு. தண்ணி நாறுதே, நம்ம கெணத்துத் தண்ணியும் உப்புதானன்னு மாத்தி ஊத்துனேன். கொஞ்ச நேரத்துல எல்லாம் அடங்கிருச்சு."

எங்கள் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க விளங்காத உப்புதான். அதற்காக அது கடலாகிவிடுமா? திட்ட வாயெடுத்தேன். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"விடு. நமக்குன்னு ஒன்னு பொறக்காமலா போயிரும்?" என்றார்.

இதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. "பொறக்காதுங்க. டாக்டரம்மா போன வாரமே சொல்லிட்டாக."

அவர் ஜாடியைப் பார்த்தபடியே, "அப்போ இத எதுக்குக் கொண்டாந்த?" என்று கேட்டார்.

"ஒரு உசுரு பொறக்குறதக் கண்ணால பாக்கணும்னுதான்" என்றேன். "அதையும் நீங்கதான் பாத்தீக."