மணற்காட்டுப் புன்னைக் கன்று

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸுக்கு அளவெட்டியில் நின்றேன். கையில் ஒரு பழைய உரப்பை. அதற்குள் நனைத்த சாக்குத் துண்டு, தண்ணீர்ப் போத்தல், வெற்றிலை, கற்பூரம், நெருப்புப்பெட்டி, சிறு கத்தி. வீட்டைப் பூட்டியபோது பழக்கத்தில் “போட்டு வாறன்” என்று சொல்லிவிட்டேன். உள்ளே கேட்பதற்கு ஆள் இல்லை. என் மனைவி பரமேசு காலமாகி ஒன்றரை வருடமாகிறது. ஒரே மகள் வதனி கனடாவில்.

எதற்காகப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு வளவின் வடகிழக்கு மூலையில் காவல் தெய்வம் வைரவர் இருக்கிறார். சிலை இல்லை, கூரை இல்லை. ஒரு சூலம், அதற்குமேல் ஒரு புன்னைமரம், அவ்வளவுதான். வலிகாமத்தில் பல வளவுகளில் இப்படித்தான். மரமே அவருக்குக் கோயில். போன மாரியில் அடித்த காற்றில் அந்தப் புன்னை வேரோடு சாய்ந்தது. சூலம் மட்டும் வெட்டவெளியில் நின்றது. ஐயர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “வைரவர் இப்பிடி வெயிலிலை நிக்கப்படாது. ஒண்டில் மரத்தை வையுங்கோ, இல்லாட்டி சூலத்தைக் கோயிலிலை கொண்டுவந்து ஒப்படையுங்கோ.”

வதனி இரண்டாவதைத்தான் சொன்னாள். சூலத்தைக் கோயிலில் கொடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு தன்னிடம் வரட்டாம். நான் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்தேன். புன்னைக் கன்று ஒன்று கிடைத்தால் வைரவரும் இருக்கட்டும், நானும் இருப்பேன். கிடைக்காவிட்டால் இரண்டு பேருமே அந்த வளவை விட்டுப் போவோம்.

ஏன் புன்னைதான், ஒரு வேம்பை நடலாமே என்று கேட்டார்கள். வேம்பு நல்ல மரம்தான். ஆனால் ஒரு பருவத்தில் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். புன்னை ஒருநாளும் மொட்டையாக நிற்காது. பழைய இலை விழும்போதே புது இலை வந்திருக்கும். கூரையில்லாத சாமிக்கு அதைவிட நல்ல கூரை எது?

விழுந்த மரத்தின் கொட்டைகளைப் பொறுக்கிப் பரமேசின் பூச்சாடிகளில் ஊன்றிப் பார்த்தேன். மாதக்கணக்காகத் தண்ணீர் ஊற்றியும் ஒன்றும் முளைக்கவில்லை. திருநெல்வேலியில் மரக்கன்று விற்கும் இடத்தில் கேட்டால், “புன்னையோ? அது ஆர் வாங்கிறது ஐயா, ஒட்டு மாங்கண்டு கொண்டு போங்கோவன்” என்றார்கள். கடைசியில் எங்கள் ஒழுங்கைக்கு மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் தம்பிதான் வழி சொன்னான். “மணற்காட்டிலை திரேசக்கான்ரை வளவுக்குள்ளை நிக்குது. அடியிலை சின்னக் கண்டும் கிடக்கு. என்ரை பேரைச் சொல்லுங்கோ, தருவா.”

யாழ்ப்பாணத்தில் இறங்கிப் பருத்தித்துறை பஸ்ஸில் ஏறினேன். முப்பத்துமூன்று கிலோமீற்றர் தூரம். கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்று வாழைத்தோட்டமும் வெங்காயத் தரையுமாகப் போகும் பாதை, வல்லையில் திடீரென்று ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். இரண்டு பக்கமும் உப்புவெளி, மெல்லிய தண்ணீர், காற்று. பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. பரமேசு வந்திருந்தால் யன்னல் பக்கம் இருந்துகொண்டு, “கண்ணாடியைப் பூட்டுங்கோ, தலை கலையுது” என்றிருப்பாள். நான் யன்னலைப் பூட்டினேன்.

பருத்தித்துறையில் ஓட்டோ பிடித்தேன். மணற்காட்டுக்கு ஆயிரத்து இருநூறு ரூபா என்றார் சாரதி, சசி என்ற இளைஞர்.

“கடல் பாக்கவோ ஐயா?”

“இல்லைத் தம்பி, ஒரு மரக்கண்டு எடுக்க.”

“கண்டு எடுக்க அளவெட்டியிலை இருந்தோ! அங்கை செம்மண். எங்கடை ஆக்கள் உங்கடை பக்கம் வந்தெல்லோ கண்டு வாங்கிறவை.”

“இது உங்கடை மண்ணுக்குச் சொந்தமான மரம்.”

“அப்ப சரி,” என்றார் அவர், ஏதோ தன் வீட்டுப் பிள்ளையைப் பெண் கேட்டு வந்தவரைப் பார்ப்பதுபோல.

வல்லிபுரக் கோயில் வாசலில் நிறுத்தச் சொல்லிக் கும்பிட்டேன். அதற்கப்பால் மணல்தான். மேடு மேடாக வெள்ளை மணல், நடுவில் சவுக்கு மரங்கள். சவுக்குக்குள் காற்று போகும் சத்தத்தை எங்கள் பக்கத்தில் கேட்க முடியாது. பெரிய கூட்டம் ஒன்று தூரத்தில் குசுகுசுப்பதுபோல இருந்தது.

பத்தரை மணியளவில் திரேசம்மாவின் வளவைக் கண்டுபிடித்தோம். கேட்டு விசாரிக்கத் தேவையே இருக்கவில்லை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அந்தப் புன்னை நின்றது. எங்கள் மரம் நேராக வளர்ந்தது. இது கடற்காற்றுக்கு முதுகைக் கொடுத்து, நிலத்தோடு சாய்ந்து, ஒரு கிளையை முழங்கையாக ஊன்றிப் பிறகு எழும்பியிருந்தது. பட்டை கறுத்து வெடித்திருந்தது. ஆனால் தலை முழுக்க இலை. அவ்வளவு உப்புக் காற்றிலும் ஒவ்வொரு இலையும் எண்ணெய் பூசியதுபோல மினுங்கியது.

ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன். நடு நரம்பிலிருந்து இரண்டு பக்கமும் சீப்புப் பல்போல நெருக்கமான கோடுகள். காம்பு முறிந்த இடத்தில் மஞ்சள் கலந்த பால் கசிந்து விரலில் ஒட்டியது. இலைகள் கொம்பில் சோடி சோடியாக, ஒன்றுக்கொன்று எதிராக இருந்தன. பூத்திருந்தது. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தக் குஞ்சம். அந்த வாசம் மூக்கில் பட்டதும் குனிந்து, விழுந்து கிடந்த ஒன்றை எடுத்தேன். பரமேசு தினமும் விடியற்காலையில் பொறுக்கித் தட்டில் வைத்த பூ.

“ஆர் ஐயா நீங்கள், மரத்தோடை கதைச்சுக்கொண்டு நிக்கிறியள்?”

திரேசம்மாதான். அறுபது வயதிருக்கும். பின்னால் வீடு முழுக்க ஆட்கள். இரண்டு மருமகள்மார் வலை திருத்திக்கொண்டிருந்தார்கள்; ஒரு பேரக் குழந்தை அழுதது; றேடியோ பாடியது; குசினிக்குள் யாரோ யாரையோ ஏசினார்கள். நான் விசயத்தைச் சொன்னேன்.

“வைரவருக்கோ? எடுங்கோ, எடுங்கோ. எங்கடை சுரூபம் வைச்ச கூட்டுக்கும் உதுதான் நிழல்.” பார்த்தேன், மரத்தின் மறுபக்கத்தில் சிறு கூட்டுக்குள் மாதா சிலையாக நின்றார், காலடியில் புன்னைப் பூ. “ஆனா ரெண்டே ரெண்டு கண்டுதான் கிடக்கு. மற்றது என்ரை மூத்தவன் தன்ரை மீன் வாடியடியிலை வைக்கக் கேட்டவன்.”

இவ்வளவு கொட்டை விழும் மரத்தடியில் இரண்டு கன்றுதானா என்று கேட்டேன். அவர் சிரித்தார். “உந்தக் கோது லேசிலை வெடிக்காது. கடலிலை மாசக்கணக்கா மிதந்தாலும் ஒண்டும் செய்யாது. மெல்லமாத் தட்டி வெடிக்க வைச்சு ஊண்டினாத்தான் கெதியா வரும். இது ரெண்டும் வவ்வால் சப்பித் துப்பினதோ, ஆர் மிதிச்சதோ தெரியாது.” என் பூச்சாடிகளுக்குள் உறங்கும் கொட்டைகளை நினைத்துக்கொண்டேன்.

“சாப்பிட்டியளோ? வெள்ளிக்கிழமை, மீன் சமைக்கிற எங்கடை வீட்டிலை நீங்கள் கை நனைக்க மாட்டியள். இளநி வெட்டச் சொல்லுறன்,” என்று சொல்லிக்கொண்டு அவர் உள்ளே போனார்.

நான் கன்றுகளைப் பார்த்தேன். இரண்டும் முழங்கால் உயரம். ஒன்று நேராக, நல்ல செழிப்பாக நின்றது. அதைத் தெரிந்தெடுத்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு மரத்திலிருந்து பெரிதாக எதையும் எடுக்கும்போது கேட்டுத்தான் எடுப்போம். வெற்றிலையைக் கன்றின் அடியில் வைத்து, அதன்மேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினேன். கண்ணை மூடி, “வைரவா, இதைக் கொண்டுபோக விடு” என்று கும்பிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது கற்பூரம் இடத்தில் இல்லை. காற்று அதை உருட்டிக்கொண்டு போய்ச் சருகுக்குள் போட்டிருந்தது. புன்னைச் சருகு தோல்போலத் தடித்தது. காய்ந்துவிட்டால் படபடவென்று எரியும். கொட்டைகளுக்குள் எண்ணெய் வேறு. எங்கள் முன்னோர் அந்த எண்ணெயில்தான் விளக்கு எரித்தார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் செம்மண் முற்றத்தில், தினமும் கூட்டிய இடத்தில் கற்பூரம் கொளுத்திப் பழகிய கை. நெருப்பு கன்றைச் சுற்றி எழும்பிவிட்டது.

“ஐயோ, மரம்! மரம்!” என்று கத்தினேன். திரேசம்மா வலை கழுவ வைத்திருந்த வாளிக் கடல்நீரைத் தூக்கி வந்து ஒரே வீச்சில் ஊற்றினார். மருமகள்மார் சாக்கால் அடித்தார்கள். நெருப்பு அணைந்தது. பெரிய மரத்துக்கு ஒன்றுமில்லை. என் கன்றின் இலைகள் மட்டும் கருகித் தொங்கின.

“ஐயா,” என்றார் திரேசம்மா மூச்சு வாங்கிக்கொண்டு, “கேக்கிறதெண்டா வாயாலை கேளுங்கோவன். நெருப்பு வைச்சே கேக்கிறது?”

மருமகள்மார் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை. மணலில் குந்திவிட்டேன். கேட்டதற்கு வைரவர் சொன்ன மறுமொழி இதுதானோ என்று தோன்றியது. போ, சூலத்தை ஒப்படை, வீட்டைப் பூட்டு என்று. அதை வாய்விட்டும் சொன்னேன்.

“உங்கடை சாமியோ எரிச்சது? கச்சான் காத்து எரிச்சது. காத்துப் பக்கம் பாராமல் நெருப்பு வைச்சது நீங்கள். அதுக்குச் சாமியை ஏன் இழுக்கிறியள்?” என்றார் திரேசம்மா.

“உப்புத் தண்ணியும் ஊத்தியாச்சு.”

“உப்புக்கு உது பயப்பிடாது. பிறந்ததே அதுக்குள்ளை.” குனிந்து, கருகிய கன்றின் தண்டை நகத்தால் மெதுவாகச் சுரண்டினார். உள்ளே பச்சை. “இஞ்சை பாருங்கோ. உயிர் கிடக்கு. எண்டாலும் நீங்கள் மற்றதைக் கொண்டு போங்கோ. மகனுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்.”

மற்றக் கன்று நன்றாகத்தான் நின்றது. கொண்டுபோனால் நிச்சயம் பிழைக்கும். ஆனால் இலை எரிந்து நிற்கும் ஒன்றை இங்கே விட்டுவிட்டு, அவர் மகனுக்கு வைத்ததை எடுத்துக்கொண்டு போய் வைரவர் முன்னால் நட என் மனம் ஒப்பவில்லை.

“இதையே தாங்கோ,” என்றேன்.

“செத்துப்போனா என்ன செய்வியள்?”

“செத்துப்போனா மகளிட்டைப் போவன்.”

அவர் சிரட்டையால் மணலைத் தோண்டத் தொடங்கினார். நானும் தோண்டினேன். கன்று முழங்கால் உயரம்தான்; வேர் அதற்கும் மேலாக நேரே கீழே போயிருந்தது. “இழுக்காதேங்கோ, ஆணிவேர் அறுந்தா முடிஞ்சுது,” என்றார். முழங்கை வரைக்கும் கையை மணலுக்குள் விட்டு அதை முழுதாக எடுத்தோம். ஈரச்சாக்கில் சுற்றி உரப்பையில் வைத்தேன். இளநீர் குடித்தேன். அந்த வீட்டுச் சத்தத்துக்கு நடுவில் கதிரையில் இருந்தபோது ஒரு குழந்தை என் வேட்டித் தலைப்பைப் பிடித்து எழும்பி நின்றது. நான் எழும்ப மனமில்லாமல் எழும்பினேன்.

திரும்பும்போது கொண்டக்டர் உரப்பைக்குள் எட்டிப் பார்த்தார். “உதென்னையா, கண்டை வாட்டியெல்லோ கொண்டு போறியள்? கறிக்கோ?” பஸ்ஸே சிரித்தது. முன் இருக்கை அம்மா ஒருவர் திரும்பி, “தண்ணி தெளிச்சுக்கொண்டு வாங்கோ தம்பி” என்றார். இந்த வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட ஒருவர் இருந்ததே பெரிய காரியம். வல்லை வெளியில் கன்றை மடியில் வைத்துக்கொண்டேன்.

பொழுது சாய முன் வீடு வந்தேன். மணற்காட்டில் சிரட்டையாலேயே தோண்டினோம். இங்கே இரண்டு அடிக்குக் கீழே சுண்ணாம்புக்கல். இரும்பு அலவாங்கால் குத்திக் குத்தி, கல்லில் வெடிப்பு இருந்த இடம் பார்த்துக் குழியெடுத்து, கன்றை இறக்கினேன். கருகிய இலைகளைக் கத்தியால் நறுக்கினேன். வெறும் தண்டுதான் மிஞ்சியது. ஒருநாளும் மொட்டையாக நிற்காத மரம் என்று எல்லோரிடமும் சொன்னவன், மொட்டையாக ஒன்றைக் கொண்டுவந்து நட்டிருக்கிறேன்.

வதனி போன் எடுத்தாள். நடந்ததைச் சொன்னேன்.

“அது நிழல் தர எத்தினை வருசம் செல்லும் அப்பா?”

“கனக்கச் செல்லும் பிள்ளை.”

“அதுமட்டும் நீங்கள் தனிய இருக்கப் போறியளோ?”

“இப்ப தண்ணி ஊத்த வேணும். அதை விட்டுட்டு வரேலாது,” என்றேன். அவள் சாப்பிடுங்கோ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அந்தக் கடற்கரை மரத்தைச் சுற்றி ஒரு வீட்டுச் சனம் முழுக்க இருக்கிறது. ஆனாலும் ஒருவரும் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை. தானே வேர்விட்டுத் தண்ணீரைத் தேடிக்கொண்டது. இங்கே கன்றைச் சுற்றி நான் ஒருவன்தான். கைகாலைக் கழுவிவிட்டு வந்து சூலத்தின் முன்னால் நின்றேன். நெடுங்காலம் உயிரோடு வை என்று கேட்கவில்லை. பூப்பதைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. “வைரவா, இந்த வேர் கல்லைத் தாண்டித் தண்ணியைத் தொடுமட்டும் என்னை வைச்சிரு. பிறகு அதுக்கு ஒருத்தரும் தேவையில்லை” என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு, அடுத்த வாளிக்குக் கிணற்றடிக்குப் போனேன்.