பள்ளம் பாக்க ஒரு டிக்கெட்

டோக்கன் அக்காவுக்கு ஸ்கேன் சென்டர்ல டோக்கன் நம்பர் கூப்பிடற வேலை. "பதினாலு! பதினாலு யாருங்க? காதுல விழலையா?" அந்தக் குரலுக்கு ஒன்பதாம் நம்பர்கூட எழுந்து நிக்கும். சொம்பு சொம்பா தண்ணி குடிச்சுட்டு, ஸ்கேனுக்காக அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கற அத்தனை பேரும் அக்காவைத்தான் கூப்பிடுவாங்க. "அக்கா, இனிமே முடியாதுக்கா!" வீட்டுக்கு வந்தா, தலைமேலயே இருக்கற கண்ணாடியைக் காணோம்னு புருஷன் கூப்பிடுவார். மாமியார் கூப்பிட்டுட்டு, "உன்னை எதுக்குக் கூப்பிட்டேன்?"னு அக்காவையே கேப்பாங்க.

அக்காவுக்கு இருந்தது ஒரே ஆசை. யாரும் கூப்பிடாத இடத்துல பத்து நிமிஷம் நிக்கணும். ஊரைத் தாண்டி, மலை ரெண்டா பிளந்து கிடக்கற பள்ளத்தாக்குப் பூங்காவுக்குப் போக ஒருநாள் லீவு போட்டாங்க.

"தனியாவா? என்மேல கோவமா?"ன்னார் புருஷன்.

"கோவம்னா இங்கயே இருந்து உங்களைப் படுத்தமாட்டேனா?"

அதுவும் நியாயந்தான்னு விட்டுட்டார்.

பூங்கா கவுன்ட்டர்ல, "எத்தனை பேரு?"

"ஒருத்தர்."

"சரி, குழந்தைங்க ஒண்ணு. பெரியவங்க?"

"நான்தாங்க அந்த ஒண்ணு!"

டிக்கெட்காரர் எட்டி அக்காவுக்குப் பின்னாடி தேடினார். யாருமில்ல. டிக்கெட்டை நீட்டினார். அக்கா நகர்ந்ததும் போனை எடுத்தார்.

ஓரத்துக் கம்பிகிட்ட போறதுக்குள்ள காவலாளி மூச்சிரைக்க ஓடி வந்துட்டார். வாயில வெச்ச விசிலை எடுக்கவே இல்ல. அவர் பேசப்பேச அதுவும் பேசுச்சு.

"அம்மா, பீப், தனியா வந்தவங்களை, பீப், ஓரத்துக்கு விடறதில்ல."

"பாக்கத்தானே வந்தேன்?"

"எல்லாரும் அப்படித்தான், பீப், சொல்வாங்க. எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்மா."

பக்கத்துல இருந்த ஒரு குடும்பம் மொத்தமும் கூடிடுச்சு. ஒரு பெரியம்மா அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு, "எனக்கும் உன் வயசுல இப்படித்தான் இருந்துச்சு கண்ணு"ன்னாங்க.

"எப்படி இருந்துச்சு?"

"அதையெல்லாம் இத்தனை பேர் முன்னாடியா சொல்லுவாங்க?"

அவங்க வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "வாழ்க்கைன்னா மேடு பள்ளம் இருக்கத்தாம்மா செய்யும்."

"அந்தப் பள்ளத்தைப் பாக்கத்தான் சார் வந்தேன்!"

"பாத்தீங்களா? மேட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசுதா பாருங்க!"

அக்காவுக்கு வேற வழி தெரியல. "என் வீட்டுக்காரர் கார்ல தூங்கறார்"னு ஒரு பொய்யை எடுத்து விட்டாங்க.

அவ்ளோதான். "அட, இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" பெரியம்மா கையை உதறிட்டாங்க. கூட்டம் கலைஞ்சுது. காவலாளி மட்டும் கடமை தவறாத ஆளு. "இருங்கம்மா, சாரை, பீப், எழுப்பிக் கூட்டிட்டு வரேன்." அக்கா 'வேணாம்'ங்கறதுக்குள்ள ஆளைக் காணோம்.

திரும்பி வரும்போது, கலைஞ்ச தலையும் கசங்கின சட்டையுமா ஒருத்தரைத் தள்ளிக்கிட்டு வந்தார். பார்க்கிங்ல தூங்கற புருஷனுக்கா பஞ்சம்? 'உங்க வீட்டம்மா தேடறாங்க'ன்னு எழுப்பினா எந்த ஆம்பளை சாட்சி கேப்பான்? "சாரிம்மா, கண்ணு அசந்துடுச்சும்மா"ன்னு புலம்பிக்கிட்டே வந்தவர் நிமிர்ந்து பாத்தார். பாதி மன்னிப்பு தொண்டையிலயே நின்னுடுச்சு.

"பாத்துக்கங்க சார்"னு காவலாளி நிம்மதியா கிளம்பிட்டார்.

"நீங்க... யாருங்க?"

"தப்பா நினைக்காதீங்கண்ணே. வீட்டுக்காரர் கார்ல இருக்கார்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீங்க போய்த் தூங்குங்க."

"ஐயோ தங்கச்சி, போகச் சொல்லாதீங்க! என் சம்சாரமும் மச்சினிங்களும் கடை கடையா ஏறி இறங்கறாங்க. கார்ல இருந்தா எல்லாப் பையும் என் தலையில. இங்கயே நின்னுக்கறேனே?"

அக்கா யோசிச்சாங்க. இவரை அனுப்பினா அந்தப் பீப் திரும்பி வரும். "நில்லுங்க. ஆனா கூப்பிடக் கூடாது. பேசவும் கூடாது."

"வாயைத் திறக்காம இருக்கறதுல நான் பழம் தின்னு கொட்டை போட்டவன் தங்கச்சி."

கொஞ்சம் தள்ளிப் போய்த் தூணாட்டம் நின்னார். அக்கா கம்பியைப் பிடிச்சுக் குனிஞ்சாங்க. செம்பாறை படிப்படியா இறங்கி, அடியில ஆறு நூலா கிடந்துச்சு. நடுவுல, அக்காவுக்குக் கீழ, ஒரு பருந்து வட்டம் போட்டுச்சு. இத்தனை வருஷமா வயித்தை மட்டுமே காட்டின பறவை, இன்னிக்கு முதுகைக் காட்டுச்சு.

"ஏங்க! எங்க போய்த் தொலைஞ்சீங்க?" பார்க்கிங் பக்கம் ஒரு குரல் கிழிஞ்சுது.

தூண் அசையல. அக்காவும் திரும்பல. யாரையோ கூப்பிடறாங்க.